அரிசிக்கு ஊதிய கொம்பு

என் மருமகன் மலைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். சென்ற மாதம் அவர் வண்டியில் ஏறிய ஒரு வெள்ளைக்காரர் ஆள் உயரத்துக்கு ஒரு மரக்குழாயைக் கொண்டுவந்து, வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஊதினாராம். அதற்கு டிஜெரிடூ என்று பெயர், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வாத்தியம் என்று சொல்லியிருக்கிறார். மருமகனுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய், போனில் அந்த வாத்தியத்தின் இசைத்துண்டு ஒன்றைத் தேடிப்பிடித்து எனக்குப் போட்டுக் காட்டினார். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே சுரம்தான், கிணற்றுக்குள் மோட்டார் ஓடுவதுபோல. திரையில் அதன் கீழே மூன்று விவரம் போட்டிருந்தது. வேகம் இவ்வளவு, சுருதி இன்னது, மனநிலை இப்படிப்பட்டது. மருமகன் கேட்டார்: "மாமா, நீங்களும் ஒத்தச் சுரத்த வச்சுத்தான எஸ்டேட்ல காலத்த ஓட்டுனீங்க? உங்க கொம்புக்கும் இப்பிடி எழுதலாமா?"

கிண்டல்தான். ஆனாலும் இரண்டு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முதலில் ஒரு திருத்தம்: ஒரு சுரமல்ல, என் கொம்பில் இரண்டு சுரம் உண்டு. மற்றபடி வேகம், சுருதி, மனநிலை மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மூன்றில் ஒன்று பிசகியிருந்தால் இந்த மருமகனே எனக்கு வாய்த்திருக்க மாட்டார்.

வண்டன்மேட்டிலிருந்து இன்னும் மேலே ஏறிப்போனால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுபதுகள் முழுக்க நான் கொம்புக்காரன். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். அந்தக் களத்தின் ஓரத்துப் பாறையில் நின்று விடியலில் ஊத வேண்டும். சாயங்காலம் வேலை விடுவதற்கு ஊத வேண்டும். நடுவில் எல்லோரையும்போல மருந்தடிக்கவும் களை வெட்டவும் போக வேண்டும். எனக்கு முன்னால் ஊதியவருக்கு முன்பல் விழுந்துவிட்டது. பல் இல்லாமல் கொம்பு ஊத முடியாது. பித்தளைக் கொம்பை என் கையில் கொடுத்து, "கன்னத்தால ஊதாத, வயித்தால ஊது" என்று சொல்லிவிட்டு அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என் படிப்பு அவ்வளவுதான். அந்த மழைக்காலம் முழுக்க எருமை கத்துவதுபோல் ஊதிக்கொண்டிருந்தேன். லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். வேறு வழி அவர்களுக்கும் இல்லை.

உதட்டைத் தளர்த்தி ஊதினால் கீழ்ச்சுரம் வரும். இறுக்கிப் பிடித்து ஊதினால் மேல்சுரம். இந்த இரண்டை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். காலைப் பெரட்டுக்கும் வேலை விடுவதற்கும் கீழ்ச்சுரம், நீளமாக, நிதானமாக. லயத்தில் யாராவது இறந்துபோனால் அதே கீழ்ச்சுரம்தான். ஆனால் கொம்பின் வாயைத் தரையைப் பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டும், சத்தம் அமுங்கி வரும். மேல்சுரம் இரண்டு காரியங்களுக்கு. யானை இறங்கினால் துண்டு துண்டாக, படபடவென்று ஊதுவேன். கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடி வந்துவிடுவார்கள். அரிசி போடுகிற நாளில் அதே மேல்சுரத்தைத் துள்ளவிட்டு, ஆற அமர ஊதுவேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலை உச்சியில் இருந்த ஸ்டோரில் ரேஷன் அரிசி அளப்பார்கள். அன்று மட்டும் பாறையில் நிற்காமல் ஸ்டோர் வாசலில் நின்று ஊதுவேன். அந்தச் சத்தம் கேட்டால் எந்தக் காட்டில் இருந்தாலும் பெண்கள் கேள்வி கேட்காமல் மேலே ஏறுவார்கள்.

யானைக்கும் அரிசிக்கும் சுரம் ஒன்றுதான், வேகம் மட்டும்தான் வேறு என்பதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கண்டக்டர் பழனிச்சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டக்டர் என்றால் பஸ்காரர் அல்ல. தோட்டத்தில் காட்டு வேலைகளை மேற்பார்க்கும் அதிகாரி. பாலக்காட்டுக்குக் கிழக்கே வடகரப்பதிப் பக்கத்துக்காரர். நாங்கள் எல்லோரும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து வழி வந்தவர்கள். எங்கள் பேச்சில் பாதி சண்டை போடுவது மாதிரி இருக்கும். அவரோ கூலி ஆளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். புதிதாக வந்தவர்கள் அதைக் கேட்டு, இவர் சாது என்று ஏமாந்துபோவார்கள். கோபம் ஏற ஏற அவர் பேச்சில் 'ங்க' கூடும். ஒரு வாக்கியத்தில் நாலு 'ங்க' வந்தால் யாருக்கோ அன்று அரைச்சம்பளம் போச்சு என்று அர்த்தம். வெயிலானாலும் மழையானாலும் கறுப்புக் குடை ஒன்று அவர் கக்கத்தில் இருக்கும். அதை அவர் விரித்து நான் பார்த்ததேயில்லை. பேசும்போது அதன் நுனியால் தரையில் தட்டுவார். தட்டு ஒரே சீராக இருக்கும். கோபத்திலும் அது வேகம் எடுக்காது.

ஒருநாள் எனக்குப் பல்வலி. சீக்கிரம் ஊதி முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று காலைக் கொம்பை அவசர அவசரமாக ஊதிவிட்டேன். வலியில் உதடு இறுகிச் சுரமும் மேலே போய்விட்டது. பாதிச் சேலை கட்டிய பெண்களும், பாதி பல் துலக்கிய வாயோடு ஆண்களும் யானை எங்கே என்று கேட்டுக்கொண்டு களத்துக்கு ஓடி வந்தார்கள். கண்டக்டர் எல்லோரையும் வேலைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்து, இன்னிக்குக் கொம்ப ஊதுனது நீங்களா, இல்ல ஆள ஊதுனது கொம்புங்களா என்று கேட்டார். இரண்டு 'ங்க'தான். பிழைத்தேன்.

இன்னொரு நாள் தை மாதக் குளிர். பித்தளை சில்லிட்டுப்போயிருந்தால் சுருதி இறங்கிவிடும். ஊதுவாயைக் கொஞ்சநேரம் கக்கத்தில் வைத்து, வெறும் மூச்சை உள்ளே விட்டுச் சூடாக்கிய பிறகுதான் ஊத வேண்டும். அன்று சோம்பலில் அப்படியே ஊதிவிட்டேன். சத்தம் அமுங்கி, சாவுக் கொம்பு மாதிரியே வந்துவிட்டது. மூன்றாம் லயத்தில் ரொம்ப நாளாக இருமிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இருந்தார். ஜனங்கள் நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பெண்கள் அழவும் தொடங்கிவிட்டார்கள். சத்தம் கேட்டு அவரே கதவைத் திறந்து வந்து, யார் செத்தது என்று கேட்டிருக்கிறார். அதன்பிறகு அவர் ஒன்பது வருஷம் இருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் திட்டினார்.

இப்படித்தான் வேகமும் சுருதியும் எனக்குப் படிந்தன. மூன்றாவது விஷயமான மனநிலையைப் பற்றி நான் அப்போது யோசித்ததில்லை. லயத்துப் பெண்கள்தான் யோசித்தார்கள். இன்னைக்குக் கொம்புக்காரன் வீட்டுல சண்டை, இன்னைக்குக் கொம்புக்காரனுக்குத் தூக்கம் போதல என்று காலைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். எனக்குக் கல்யாணமான புதிதில் அவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

என் மனைவி ராசம்மாவும் கொழுந்து எடுக்கிறவள்தான். நான் சொல்லப்போகிற சம்பவம் எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்தில் நடந்தது.

இடம் புரிந்தால்தான் கதை புரியும். லயங்களும் பெரட்டுக் களமும் ஓடைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்துச் சரிவில் மேட்டுக்காடு என்ற தேயிலைக் காடு. அங்கிருந்து வீட்டுக்கு வர இரண்டு வழி. கீழே இறங்கினால் குறுக்குப் பாதை. ஓடையின் மேல் ஒரு மரப்பாலம். கால்மணி நேரத்தில் லயம். மேலே ஏறினால் உச்சியில் வண்டி ரோடு. அரிசி ஸ்டோர் அங்கேதான் இருந்தது. அந்த ரோடு ஓடை பிறக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேர நடையில் வந்து சேரும். மழையில் நனைந்த பெண்களில் ஒருத்தியும் வேண்டுமென்றே அந்த வழியில் போகமாட்டாள்.

அன்று மேட்டுக்காட்டில் இருபது பெண்கள் இருந்தார்கள். ராசம்மாவும் அவர்களில் ஒருத்தி. அவர்களை வேலை வாங்கியவர் சவரிமுத்து கங்காணி, விவரமான மனுஷன். மத்தியானத்திலிருந்து விடாத மழை. மூன்று மணிக்குமேல் மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. வேலை விடுவதற்குக் கொஞ்சநேரம் இருந்தபோது நான் பாறையின் அருகே கொம்பைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் பனிக்குள்ளிருந்து வந்தார். முழங்காலுக்குமேல் சேறு. குடை கையில்தான் இருந்தது.

"அய்யாத்துரை, கொம்பக் கீழ வைங்க," என்றார். "ஓடைப் பாலம் போயிருச்சுங்க."

பாலம் இருந்த இடத்தில் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு ஓடுகிறதாம். அந்தப் பக்கம் பாதை ஒரு பாறையைச் சுற்றி வளைந்து, சட்டென்று இறங்கி, நேரே பாலத்தில் காலை வைப்பதுபோல் முடியும். பனியில் வருகிறவளுக்குப் பாலம் இல்லை என்பது கால் வைத்த பிறகுதான் தெரியும். இந்தக் கரையில் இரண்டு ஆட்களைக் கயிறும் லாந்தருமாக நிறுத்திவிட்டு வந்திருந்தார். ஆனால் லாந்தர் வெளிச்சம் அக்கரைக்குத் தெரியவில்லை. தண்ணீர் இரைச்சலில் ஆள் கத்துவதும் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு ஆள் அனுப்பினால் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அவர்கள் இறங்கிவிடுவார்கள்.

 என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உங்க சம்சாரமும் அங்கதானுங்களா என்று கேட்டார். தலையாட்டினேன்.  அவர் குடை நுனியால் பாறையில் தட்டிக்கொண்டு யோசித்தார். நானும் யோசித்தேன்.

வேலை விடும் கொம்பை ஊதினால் குறுக்குப் பாதையில் இறங்குவார்கள். யானைக் கொம்பை ஊதினால் அதே பாதையில் ஓடியே இறங்குவார்கள். சாவுக் கொம்பை ஊதினால் யார் வீட்டில் என்று அழுதுகொண்டு இறங்குவார்கள். ஊதாமல் இருந்தால் சவரிமுத்து வெளிச்சம் குறைவதைப் பார்த்துத் தானே கூட்டிக்கொண்டு இறங்குவார். எதைச் செய்தாலும் போய்ச்சேருகிற இடம் அந்தப் பாலம்தான்.

"எந்தச் சத்தத்துக்கு இவங்க மேல ஏறுவாங்க?" என்றார் கண்டக்டர், தனக்குத்தானே கேட்பதுபோல.

"அரிசிக்குத்தான்யா ஏறுவாவ," என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று அரிசி நாள் இல்லை. ஆனால் அந்த முறை லாரி வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு, அரிசி நாள்கணக்காகத் தள்ளிப்போயிருந்தது. எல்லா வீட்டிலும் கப்பைக்கிழங்குதான் வெந்துகொண்டிருந்தது. இப்போது ஊதினால் லாரி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஒரே சிக்கல், எப்போதும் உச்சியிலிருந்து வரும் சத்தம் இன்று கீழேயிருந்து வரும். பனியில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்வது கஷ்டம். அதை நம்பித்தான் ஊத வேண்டும்.

கொம்பை வாயில் வைத்தேன். உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுரம் வரவில்லை, வெறும் காற்றுதான் போனது. கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து என் வாயில் போட்டார். எச்சில் ஊறியது. விழுங்கிவிட்டு மறுபடி வைத்தேன். அப்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கை நடுங்குதுங்க. நடுக்கத்துல வேகம் ஏறிருச்சுன்னா யானைக் கொம்பாயிரும். அத்தனை பேரும் ஓடியாந்து ஓடைல உழுந்துருவாங்க. எங்குடையப் பாருங்க. இது தட்டறதுக்கு மேல ஒரு மூச்சும் போகக்கூடாதுங்க."

அவர் தட்டினார். அரிசி நாளில் நான் ஊதுகிற வேகம் அவருக்கு எப்படி அவ்வளவு சரியாகத் தெரிந்திருந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். நான் உதட்டை இறுக்கி மேல்சுரத்தைப் பிடித்தேன். மூன்று துள்ளல், ஒரு நீட்டல். மறுபடி மூன்று துள்ளல், ஒரு நீட்டல். நெஞ்சு அடித்த வேகம் குடை தட்டிய வேகத்தைப்போல் மூன்று மடங்கு. நெஞ்சைக் கேட்காதே, குடையைக் கேள் என்று சொல்லிக்கொண்டே ஊதினேன். சத்தம் சரியாகத்தான் போனது. ஆனாலும் அவர் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தார்.

"இப்ப ஊதறது ஒப்பாரி மாதிரி இருக்குதுங்க. இந்தச் சத்தத்துக்கு எவளும் ஏறமாட்டா. சித்தெ நிறுத்துங்க. அரிசி வாங்கற அன்னிக்கு உங்க ஊட்டுல என்ன பண்ணுவீங்க?"

ராசம்மா அரிசி நாளில் முதல் சோற்றை வடிக்கும்போது கொஞ்சம் கஞ்சியை உப்புப் போட்டு எனக்குக் கொடுப்பாள்; நான் அடுப்பங்கரையிலேயே நின்று குடித்துவிடுவேன். அதைச் சொன்னேன். அதையே நெனச்சுட்டு ஊதுங்க என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். கஞ்சி ஆவியை நினைத்துக்கொண்டு ஊதினேன். அந்தப் பனியில், மழையில், அக்கரையில் அவள் எங்கே கால் வைக்கிறாள் என்று தெரியாத அந்த நேரத்தில், சந்தோஷமாக ஊதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

வழக்கமாகக் கொம்பு கேட்டதும் கங்காணி 'கூ' என்று ஒரு குரல் கொடுப்பார். அன்று எவ்வளவு ஊதியும் அந்தக் குரல் வரவில்லை. மழை இரைச்சலில் வந்தும் கேட்காமல் போயிருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். என் கீழுதடு வெடித்து ரத்தம் வந்த பிறகுதான் கண்டக்டர் தட்டுவதை நிறுத்தினார். ஸ்டோர்க்காரரைச் சாவியோடு வரச் சொல்லி, டிராக்டரை வரவழைத்து, மூவரும் வண்டி ரோட்டில் சுற்றிக்கொண்டு ஏறினோம்.  வளைவுக்கு வளைவு எனக்கு அந்த ஓடைதான் கண்ணில் தெரிந்தது.

ஸ்டோர் இன்னும் கண்ணில் படவில்லை. பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது சத்தம். இருபது பெண்கள் ஒரே நேரத்தில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என் அப்பன், பாட்டன், நான் பிறந்த நேரம் ஒன்றையும் விடவில்லை. டிராக்டர் நிற்கும் முன்பே நான் குதித்துவிட்டேன். அதைவிட நல்ல சத்தத்தை என் காது கேட்டதில்லை.

ஸ்டோர் வராந்தாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நனைந்த கோழிகள் மாதிரி எல்லோரும் நின்றார்கள். கண்டக்டர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். சவரிமுத்து கங்காணி அவர் பங்குக்குக் குறைபட்டுக்கொண்டார். பாதிப்பேரைக் கூட்டிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கத் தொடங்கிவிட்டாராம். அப்போதுதான் கொம்பு கேட்டதாம். அரிசி என்றதும் பெண்கள் அவரைக் கேட்காமலே திரும்பி ஏறிவிட்டார்களாம். என் மனைவி ஏறியதும் உண்மை. ஆனால் வழியெல்லாம், அவரு கிழமை தெரியாம குடிச்சிருக்காரு, வீட்டுக்கு வரட்டும் என்று சொல்லிக்கொண்டே ஏறினாளாம். நான் குடிப்பவன் அல்ல.

லாரி எங்கே, அரிசி எங்கே என்று ஒருத்தி சத்தம் போட்டாள். பாலத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். கண்டக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். சாவியைப் போட்டு ஸ்டோரைத் திறந்தார். உள்ளே பழைய இருப்பு இரண்டு மூட்டை கிடந்தது. கொஞ்சம் பூஞ்சை வாடை அடிக்கும் அரிசி. மேலிடத்து உத்தரவு இல்லாமல் இன்று எப்படி அளப்பது என்று ஸ்டோர்க்காரர் இழுத்தார்.

"கொம்பு ஊதியாச்சுங்க," என்றார் கண்டக்டர். "அரிசிக் கொம்பு ஒருக்காப் பொய்யாப் போச்சுன்னா, பொறவு எந்தக் கொம்ப இவங்க நம்புவாங்க? யானை வந்துட்டா என்ன பண்ணுவீங்க நீங்க?"

எண்ணிப் பார்த்த ஸ்டோர்க்காரர் ஒதுங்கிக்கொண்டார். பழனிச்சாமி கண்டக்டர் முதல் தடவையாகக் குடையைக் கீழே வைத்துவிட்டு, கூலி ஆள் மாதிரி குந்தி உட்கார்ந்து, ஒவ்வொருத்தி மடியிலும் தன் கையாலேயே ஒரு படி அளந்தார். கடைசிப் பெண்ணுக்கும் அளந்த பிறகு, பாலம் போன விஷயத்தைச் சாதாரணமாகச் சொன்னார். ரோடு வழியாகவே வீட்டுக்குப் போகச் சொன்னார்.

 சவரிமுத்து கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பாட்டன்வரை திட்டிய பெண்களில் இரண்டு பேர் அரிசி மடியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ராசம்மா என் அருகில் வந்து வீங்கிப்போன என் உதட்டைப் பார்த்தாள்.

"நான் அக்கரையில இருக்கேன்னு தெரிஞ்சா ஊதுனீங்க?"

"தெரிஞ்சுதான்."

"பயமா இல்லையா?"

"கை காலெல்லாம் ஆடிச்சு," என்றேன்.

 "கேக்கையில ஒண்ணும் தெரியல," என்றாள். "எப்பவும் அரிசிக்கு ஊதுற மாதிரிதான் இருந்திச்சு."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பெண்கள் நடுவில் நின்று அழுதேன். வெட்கமாகவே இல்லை. கண்டக்டர் ஸ்டோரைப் பூட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராசம்மா அரிசி மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இருட்டும் முன்னே நடங்க என்று சொல்லி முன்னால் நடந்தாள்.